கேலனுக்கு ஒரு டாலர் தள்ளுபடி

பெட்ரோல் விற்கும் வேலை என்றுதான் சேர்ந்தேன். தள்ளுபடிக்குக் காவல் நிற்கும் வேலை என்பது சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

டெக்சாஸில் பிளானோ பக்கம் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட். அதன் கார் பார்க்கிங் மூலையில் அதே கடைக்காரர்கள் நடத்தும் பெட்ரோல் பங்க். இந்த ஊர்ப் பாஷையில் கேஸ் ஸ்டேஷன். நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் சிகரெட் அலமாரி, லாட்டரிச் சீட்டு, ஒரு மைக், அப்புறம் நான். கடையில் மளிகை வாங்கும்போது போன் நம்பரைத் தட்டினால் பாயின்ட் ஏறும், பெட்ரோலுக்கும் கொஞ்சம் ஏறும். இங்கே வந்து பம்பில் அதே நம்பரைத் தட்டினால் பெட்ரோல் விலை குறையும். நிறையச் சேர்த்திருந்தால் கேலனுக்கு, அதாவது ஏறக்குறைய நாலு லிட்டருக்கு, ஒரு டாலர் வரை குறையும். மாதம் முடிந்தால் பாயின்ட் காலாவதி. இவ்வளவுதான் திட்டம். புரிந்துகொள்ள எட்டாம் வகுப்பு போதும். அதனால்தானோ என்னவோ, பெரிய படிப்புப் படித்தவர்கள்தான் இதில் புத்தி பேதலித்துப் போகிறார்கள்.

நான் ஜாஸ்மின். திருநெல்வேலியில் காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவள். கணவர் ஜெபராஜின் விசாவில் ஒட்டிக்கொண்டு இங்கே வந்து, வேலை பார்க்க அனுமதி இல்லாமல் வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கிரீன் கார்டு வந்ததும் விண்ணப்பம் போட்ட இடத்திலெல்லாம், நடுவில் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். அதைக் கேட்காமல் யூனிஃபார்ம் சட்டை சைஸ் என்ன என்று கேட்டது இந்த பங்க் மட்டும்தான். பார்ட் டைம் வேலை. ஆனால் கோடை முடிவதற்குள் முழுநேர லீட், அதாவது ஷிஃப்டுக்குத் தலைமை, ஆக்குகிறேன் என்று மேனேஜர் பிரெண்டா சொல்லியிருந்தாள். அந்த வேலை எனக்கு வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு எதையும் நான் இவ்வளவு ஆசையாக எதிர்பார்த்ததில்லை. பிரெண்டா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒருவருடைய பாயின்ட் இன்னொருவருக்குப் போகவே கூடாது, போனால் அதற்குப் பேர் திருட்டு.

ஜெபராஜுக்கு என் வேலையில் பெருமை கிடையாது. ஆபீஸ் நண்பர்கள் கேட்டால், “ஜாஸ்மின் எனர்ஜி செக்டர்ல இருக்கா” என்பார். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று கால் வலித்தவர்களே, உங்கள் வீட்டிலும் உங்கள் வேலைக்கு இப்படி ஒரு புனைபெயர் இருக்கும். நீங்கள்தான் இதைப் படிக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் பேசியதை நம் பேச்சுக்கு மாற்றியிருக்கிறேன், கடுகளவும் கூட்டவில்லை.

குலுக்கினால் இடம் வரும்

மாதத்தின் கடைசி நாள் எங்கள் பங்கைப் பார்க்க வேண்டும். புயல் எச்சரிக்கை விட்ட மாதிரி மெயின் ரோடு வரை கார்கள் நிற்கும். பாயின்ட் காலாவதி ஆகிறதே, விடலாமா? அப்படி ஒரு நாள் ஃப்ரிஸ்கோவிலிருந்து டோல் ரோடு பிடித்து ஒருவர் வந்தார். டோலுக்குக் கொடுத்த பணத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அது வேறு ஆப்பில் வருகிறதாம். பெரிய எஸ்.யு.வி. கேலனுக்கு ஒரு டாலர் தள்ளுபடியைத் தட்டிவிட்டு நாஸிலைச் செருகினார். கொஞ்ச நேரத்திலேயே பம்ப் டக்கென்று நின்றுவிட்டது. போன வாரம்தான் வேறொரு பங்கில் வேறொரு தள்ளுபடியில் டாங்க் நிரப்பியிருக்கிறார்.

மனுஷன் விடவில்லை. அரிசி டப்பாவைத் தட்டித் தட்டி இடம் பண்ணுவது போல, காரின் பின்பக்கத்தைப் பிடித்துக் குலுக்கினார். பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. குலுக்க வேண்டாம் என்று மைக்கில் சொன்னேன். கூண்டுக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், மீசையெல்லாம் நரை. பாயின்ட் ஒரு தடவை போட்டால் அதோடு சரி, உள்ளே எவ்வளவு போனதோ அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சொன்னார்: “இன்னிக்கு உள்ள போகல. மிச்சத்தை எனக்குன்னு எடுத்து வைங்க ஆன்ட்டி, ரெண்டு நாள் ஓட்டிட்டு வந்து போட்டுக்கறேன்.”

இறங்காத குடும்பம்

ஒரு சனிக்கிழமை நான்காம் பம்பில் ஒரு கார் வந்து நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. யாரும் இறங்கவில்லை. பிறகு ஹாரன். அப்புறம் கொஞ்சம் நீளமாக ஹாரன். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் அகலத்துக்கு இறங்கி, அதன் வழியாக ஒரு கை கிரெடிட் கார்டை நீட்டியது. கை காற்றில் அப்படியே நிற்கிறது. யார் வாங்குவார்கள் என்று எதிர்பார்க்கிறதோ! நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நியூஜெர்சி. அந்த மாநிலத்தில் கஸ்டமர் தானே பெட்ரோல் போடக் கூடாது என்று சட்டம். ஆள் வந்துதான் போடுவார்.

இங்கே நீங்களே இறங்கிப் போட வேண்டும் என்று மைக்கில் சொன்னேன். காருக்குள் ஒரு கூட்டம் நடந்தது. கடைசியில் அவர் இறங்கி, நாஸிலைப் பாம்பைப் பிடிப்பது போலப் பிடித்தார். டாங்க் மூடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் காரைச் சுற்றி வந்தார். உள்ளே இருந்தபடியே அவர் மனைவி, “மொதல்ல ஃபோன் நம்பர் போடுங்க, டிஸ்கவுன்ட் போயிடும்” என்று தமிழில் கத்தினார். நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார்கள். நான் கூண்டைப் பூட்டிவிட்டு வெளியே போய்த் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தேன். பெட்ரோல் பாய ஆரம்பித்ததும் அவருக்கு தைரியம் வந்துவிட்டது. கூடவே கோபமும். “ஊர்லயே பங்க்ல ஆள் வந்து போட்டு, ஜீரோ பாருங்க சார்னு காட்டுவான். டெக்சாஸ் டெக்சாஸ்னு சொல்றாங்க, அந்த வசதிகூட இல்லாத ஊருக்கா நாங்க மாறி வந்தோம்?”

நாலு மடங்கு பாயின்ட்

எங்கள் கடையில் சில வாரங்கள் ஒரு தூண்டில் போடுவார்கள். வேறு கடைகளின் கிஃப்ட் கார்டை எங்களிடம் வாங்கினால் நாலு மடங்கு பாயின்ட். மீன்கள் வரிசையில் நிற்கும். கோயில் கமிட்டியில் இருக்கும் ஒருவர், வீட்டில் முட்டை போட்ட கேக்கைக்கூட அனுமதிக்காதவர், நாலு மடங்கு என்ற வார்த்தையோடு காதை மூடிக்கொண்டு ஒரு கட்டு கார்டு வாங்கிவிட்டார். நேராக என் பங்குக்கு வந்து டாங்க் நிரப்பி, பெட்ரோல் கம்பெனிக்காரர்களையே ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தோடு எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அதே கட்டோடு கூண்டின் முன்னால் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. அத்தனையும் ஒரு ஸ்டேக் ரெஸ்டாரன்ட்டின் கார்டு. அங்கே மாட்டுக்கறி தவிர வேறு பேச்சே இல்லை. கார்டில் மாட்டுத் தலை போட்டிருந்ததே, பார்க்கவில்லையா என்றேன். ஐஸ்கிரீம் கடை என்று நினைத்தாராம். கிஃப்ட் கார்டைத் திருப்பி எடுக்க மாட்டார்கள், பெட்ரோலும் டாங்கிலிருந்து வெளியே வராது என்று சொன்னேன். அவர் கண் என் கழுத்துச் சிலுவையில் நின்றது. எனக்கும் மாட்டுக்கறி ஒத்துக்கொள்ளாது என்பதை அவர் விசாரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, தர்மம் செய்கிற தோரணையில் சொன்னார்: “நீங்கள்லாம் சாப்பிடுவீங்கல்ல மேடம்? எங்களுக்கு இதைக் கையில வெச்சிருக்கறதே பாவம். முழு விலைக்கே எடுத்துக்கோங்க.”

நம்பர் தராதவர்

எல்லாரும் இப்படி அலைவதில்லை. பிக்கப் வண்டியில் ஒரு கிழவர் வருவார், தொப்பி, பெரிய பெல்ட் பக்கிள். ரொக்கமாகத்தான் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் கம்பெனி விதிப்படி, “போன் நம்பர் சொன்னால் பாயின்ட் ஏறும் சார்” என்று நான் பாட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் கண்ணாடியின் ஓட்டைக்குள் குனிந்து அதையே சொல்வார்: “ஹனி, என்னை விட்டுப் போன பொண்டாட்டிக்கே நான் நம்பர் தரல, உன் மளிகைக்கடைக்கு எதுக்கு?”

சின்ன அதிகாரம்

அந்தக் கிழவருக்குப் பின்னால் ஒரு நாள் சாமுவேல் அங்கிள் நின்றிருந்தார். எங்கள் ஏரியாவின் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர். எங்கள் வீட்டில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. கிழவர் போனதும் கண்ணாடிக்கு நெருங்கி வந்தார். “அவருதான் பாயின்ட் வேணாம்னுட்டாரேம்மா. அதை என் நம்பர்ல தட்டி விட்டுடு. சும்மா காத்துல போறதுதானே.” அது கூடாது அங்கிள், என் வேலை போய்விடும் என்றேன். யாருக்குத் தெரியப்போகிறது என்றார். தலைக்கு மேலே கேமரா இருக்கிறது என்று காட்டினேன். கேமராவைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார், என்னைப் பார்த்துச் செய்யவில்லை. முழு விலை கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் அவர் வீட்டில். எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். வியாதியஸ்தர்களுக்காக, விசாவுக்குக் காத்திருப்பவர்களுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஜெபித்து முடித்தார். பிறகு பேர் சொல்லாமல், ஆனால் தழுதழுத்த குரலை என் பக்கமாகத் திருப்பி, என்னைப் பரலோகத்திடம் போட்டுக்கொடுத்தார்: “ஆண்டவரே, சின்ன அதிகாரம் கிடைச்ச எங்க சகோதரிகளுக்குப் பெரிய மனசையும் சேர்த்துக் கொடும்.” எல்லாரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொல்ல வேண்டியிருந்தது.

தயிர்

பிரெண்டா என்னைக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டபோது கோடை முடியும் தறுவாயில் இருந்தது. லீட் வேலையைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். போவதற்கு முன் பாத்ரூமில் நின்று தலையைச் சரிசெய்துகொண்டேன். சட்டையைக் கூடக் காலையில் இஸ்திரி போட்டிருந்தேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

பிரெண்டா சிரிக்கவில்லை. உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். நான், கணவர், ஹைஸ்கூலில் படிக்கும் மகள் என்றேன். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். ஊழியர் குடும்பத்துக்கு எங்கள் கடையில் இரட்டைப் பாயின்ட் உண்டு. எங்கள் வீட்டு நம்பரில் ஒரே சனிக்கிழமை சாயங்காலம் மூன்று ஊர்க் கிளைகளில், ஃப்ரிஸ்கோ கடையில் அரிசி மூட்டைகள், ஆலன் கடையில் குழந்தை டயப்பர், இர்விங் கடையில் ஒரு பிறந்தநாள் கேக் வாங்கியிருக்கிறார்கள். மூன்று இடத்திலும் டப்பா டப்பாவாகத் தயிர். வாராவாரம் இப்படி. சேர்ந்த பாயின்ட்டில் பெட்ரோல் போட்ட கார்களின் படங்களும் இருந்தன. ஒன்றுகூட எங்கள் கார் இல்லை. அந்தக் கணக்கை நான் பார்ப்பதே இல்லை. ஆப் ஜெபராஜின் போனில் இருந்தது. என் காரையும் அவரே எடுத்துப் போய் டாங்க் நிரப்பிக்கொண்டு வருவார். அதை நான் அன்பு என்று நினைத்திருந்தேன்.

பிரெண்டா கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போய், நிமிர்ந்து என்னைக் கேட்டாள்: “மூணு பேர் இருக்கற வீட்டுல இவ்வளவு தயிரை யார் சாப்பிடறாங்க, ஜாஸ்மின்?”

சீட்டு

அவள் முன்னாலேயே ஜெபராஜுக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்றார். இருங்கள், ஆனால் பதில் சொல்லிவிட்டு இருங்கள் என்றேன். நம் நம்பரில் யாரெல்லாம் மளிகை வாங்குகிறார்கள் என்று கேட்டதும் அவர் பயப்படவில்லை. உற்சாகமாகிவிட்டார். “அதுவா? நம்ம பாலாஜியோட ஐடியா. ஊர்ல சீட்டு போடுவோம்ல, அதே மாதிரி. ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் ஒரே நம்பர்ல வாங்குவாங்க. சேர்ற பாயின்ட்டை மாசம் ஒருத்தர் மொத்தமா எடுத்துக் காருக்குக் கேஸ் போட்டுப்பாங்க. அந்தந்த மாசமே தீந்துடறதால வேஸ்டே கிடையாது. டபுள் பாயின்ட் வேற வருது, சூப்பராப் போயிட்டிருக்கு. சர்ப்ரைஸா உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.” பாலாஜி அவர் ஆபீஸ் நண்பர், இந்தச் சீட்டுக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின். உலகத்தில் இருக்கிற நம்பரில் இவர்கள் தேர்ந்தெடுத்த நம்பர், அதே கடை ஊழியையின் நம்பர்.

என் வேலை போகப்போகிறது என்று சொன்னேன். அப்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. எனர்ஜி செக்டரில் இருப்பவள் வீட்டுக்கு மளிகைக்கடை எதற்கு இரட்டைப் பாயின்ட் தரும்? உங்கள் நண்பர்களுக்கு நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று தெரியுமா என்று கேட்டேன். என் வேலையை ஊருக்கெல்லாம் மறைத்த மனிதர் சொன்னார்: “டபுள் பாயின்ட்டுன்னு சொன்னா யாரும் நம்பல ஜாஸ்மின். அதனால சொல்ல வேண்டியதாப் போச்சு.”

என் டர்ன்

பிரெண்டா என்னை நம்பினாள். போனில் பேசிய தமிழ் புரியாவிட்டாலும் என் முகம் புரிந்திருக்க வேண்டும். ஆனால் நம்பர் என் ஊழியர் கணக்கோடு கட்டியிருந்தது, மேலிடத்துக்குத் தகவல் போய்விட்டது. பார்ட் டைம் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தாள். லீட் வேலை, எனக்குப் பிறகு சேர்ந்த டீனாவுக்குப் போனது. அவள் நல்ல பெண், அவள்மேல் எனக்குக் கோபமில்லை. இரட்டைப் பாயின்ட் கணக்கை அங்கேயே, அப்போதே மூடச் சொன்னார்கள். மூடினேன். சேர்ந்திருந்த பாயின்ட் எல்லாம் ஒரே தட்டலில் போனது. காரில் உட்கார்ந்து அழுதேன். ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டு அழுதேன். வருடக்கணக்கில் காத்திருந்து கிடைக்கவிருந்த ஒன்றை, தயிர் வாங்கியவர்கள் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் மாதத்தின் கடைசி நாள். மூன்றாம் பம்பில் இரண்டு கார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றில் ஒருவர், இன்னொன்றில் அவர் மனைவி. ஒரே தள்ளுபடியில் இரண்டு டாங்கும் நிரப்புகிற ஏற்பாடு. அவர் நம்பரைத் தட்டினார். மறுபடி தட்டினார். துடைத்துவிட்டுத் தட்டினார். பிறகு கூண்டுக்கு வந்து, என் சட்டையில் குத்தியிருந்த பேரைப் படித்துவிட்டு, “சிஸ்டர், நான்தான் பாலாஜி” என்றார். அந்த குரூப்பில் ஒருவரை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வரிசை நீண்டால் நீளட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிரெண்டா திரையைத் திருப்பியதை, கணக்கை மூடியதை, எனக்கு வரவேண்டிய முழுநேர வேலை இன்னொருத்திக்குப் போனதை. அவர் தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் வருத்தப்படுகிறார் என்று எனக்கே கொஞ்சம் இளகியது. மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது, பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று மனசுக்குள் தயாராகிக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்தார். “கேக்கவே கஷ்டமா இருக்கு சிஸ்டர். ஆனா இந்த மாசம் என் டர்ன். ஒரு நாள் தள்ளி க்ளோஸ் பண்ணியிருக்கலாம்ல?”

தள்ளுபடி எவ்வளவு என்று எல்லாப் பம்பும் காட்டும், கவுன்ட்டர்வாசிகளே. அதை யார் தலையில் கட்டினார்கள் என்று எந்தப் பம்பும் காட்டாது.